மூணு ஃபைனுக்கு அப்புறம் வாங்குன ஸ்பீட் அலர்ட் பொட்டி, அதையும் மீறி வந்த நாலாவது ஃபைன்: ஆறு மாச ரிவ்யூ

அஞ்சு வாரத்துல மூணு ஃபைன். மூணும் ஒரே ஹைவே, மூணும் ஒரே கேமரா. முதல் கவர் வந்தப்போ ஏதோ அவசரத்துல போயிருப்போம்னு கட்டிட்டு விட்டுட்டேன், ரெண்டாவது வந்தப்போ எனக்கு கேமரா மேல சந்தேகம், மூணாவது வந்தப்போ வீட்ல எல்லாருக்கும் என் மேல சந்தேகம். மணிக்கு 100 கிலோமீட்டர் லிமிட்ல வர்ற ரோடு, மேம்பாலம் எறங்குன ஒடனே 80 ஆகுது, அந்த 80 போர்டு எங்க நிக்குதுன்னா எக்ஸிட் போர்டுக்கு பக்கத்துல, அதாவது எல்லாரும் எந்த லேன்ல போகணும்னு தலைய தூக்கி பாத்துட்டு இருக்குற எடத்துல, அதத் தாண்டி கொஞ்ச தூரத்துல கேமரா. நான் 97, 94, 99. வேணும்னே பறந்தவன் இல்லங்க, ஆனா ஃபைன் பேப்பர்ல அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

அப்போதான் இந்த ஜிபிஎஸ் ஸ்பீட் அலர்ட் பொட்டிய வாங்குனேன். பேர் சொல்லல, ஏன்னா கொஞ்சம் திட்டப் போறேன், அதுவுமில்லாம இதே பொட்டி பல பேர்ல வருது. தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, டேஷ்போர்டு மேல ஒட்டிக்கலாம், நம்ம ஸ்பீட பெரிய நம்பர்லயும் ரோட்டு லிமிட்ட ஓரத்துல சின்ன நம்பர்லயும் காட்டும். லிமிட் மாறுனா ஒரு டிங், லிமிட்ட தாண்டுனா பீப் பீப்னு விடாம, கேமரா வரப்போகுதுன்னா ஒரு அம்மா குரல்ல வார்னிங். மாட்டுறது ரெண்டு நிமிஷ வேலை. கேபிள் மட்டும் ரொம்ப குட்டை, சார்ஜர் சாக்கெட் கீழ இருக்குற காருக்கு எட்டாது, நான் வேற கேபிள் போட்டுக்கிட்டேன்.

முதல் மாசம் சொர்க்கம்னுதான் சொல்லணும். கேமரா வருதுன்னு அந்தம்மா சொல்லும், நான் கால எடுப்பேன், 78ல சாதுவா கடந்து போவேன், தாண்டுன ஒடனே மறுபடி மிதி. ஒரு ஃபைன் கூட வரல. ஆஃபீஸ்ல ரெண்டு பேர்கிட்ட வாங்க சொல்லி சிபாரிசு வேற பண்ணேன்.

அப்புறம் நாலாவது கவர் வந்துச்சு.

பிரிச்சு பாத்தா ஃபிளாஷ் அடிச்ச போட்டோ இல்ல, ரெண்டு போட்டோ, ரெண்டு டைம், நடுவுல தூரம். ஆவரேஜ் ஸ்பீட் கேமரா. நம்ம பொட்டி ரெண்டு கேமராவையும் ஒழுங்கா சொல்லுச்சு, நானும் ரெண்டு எடத்துலயும் ஒழுங்கா ஸ்லோ பண்ணேன், நடுவுல இருந்த 6 கிலோமீட்டர்ல மட்டும் என் இஷ்டத்துக்கு போயிருக்கேன். முதல் கேமரா நம்பர் பிளேட்ட படிச்சு டைம் போட்டுக்கும், ரெண்டாவது கேமரா மறுபடி படிக்கும், தூரத்த நேரத்தால வகுத்தா முடிஞ்சுது கதை. 80ல போனா 6 கிலோமீட்டருக்கு நாலரை நிமிஷம் ஆகணும். நான் 3 நிமிஷம் 57 செகண்ட்ல போய் சேந்திருக்கேன், கணக்கு போட்டா 91. இதுல ரேடாரும் இல்ல லேசரும் இல்ல, அந்த ரெண்டு எடத்துல மட்டும் பிரேக் போட்டு ஏமாத்தவும் வழி இல்ல. பொட்டில இதுக்குன்னு ஆவரேஜ் மோடு இருக்கு, ஆனா செட்டிங்ஸ்ல எங்கயோ உள்ள, அதுவும் ஆஃப்லயே வருது. ஏன்டா ஆஃப்ல வச்சு விக்குறீங்கன்னு கஸ்டமர் கேருக்கு எழுதுனேன், மேனுவல்ல 31ம் பக்கம் பாருங்க சார்னு பதில். சரிங்க சார்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் ஒறச்சுது. இந்த பொட்டிய நான் கேமராவுக்கு பயந்து வாங்குனேன், அதனால கேமராவுக்கு மட்டும்தான் ஸ்லோ பண்ணேன். பின்னாடி வர்றவன் நெலமைய யோசிச்சு பாருங்க, 95ல போய்ட்டு இருக்குற கார் காரணமே இல்லாம திடீர்னு 78க்கு எறங்குது. ஒரு நாள் கண்ணாடில பாத்தேன், ஒரு வேன் மூக்கு என் டிக்கிக்குள்ளயே வந்துட்டு இருந்துச்சு, அந்த டிரைவர் வாய் அசையுறது வரைக்கும் தெரிஞ்சுது, என்ன சொன்னார்னு கேக்கல, கேக்காமலே புரிஞ்சுது. அன்னிக்கே அந்தம்மா குரல ஆஃப் பண்ணிட்டேன்.

இப்போ நான் யூஸ் பண்றது மத்த ரெண்டு சவுண்ட் மட்டும்தான். லிமிட் மாறுறப்போ வர்ற டிங், தாண்டுனா வர்ற பீப். சத்தியமா சொல்றேன், இந்த பொட்டியோட மொத்த காசும் அந்த ஒத்த டிங்குக்கே போதும். நான் மூணு தடவ மாட்டுன எடத்துல போர்டு கண்ணுல படாதது தான் பிரச்சினை, அத இந்த டிங் தீத்து வச்சுது. ஹைவேல பத்து பதினஞ்சு நிமிஷம் 100ல வந்துட்டா அதுக்கப்புறம் 80ங்கறது மாட்டுவண்டி மாதிரி இருக்கும், ஸ்பீட் பழகிடும், நாம நல்லா கொறச்சுட்டோம்னு நெனச்சுட்டு இருப்போம், மீட்டர்ல 92 இருக்கும். நம்ம ஒடம்பு சொல்றத நம்பவே கூடாத எடம் இது, பொட்டி சொல்றத நம்பலாம்.

மீட்டர்னு சொன்னேன்ல, வாங்குனவங்க நெறைய பேர் கமெண்ட்ல பொட்டி தப்பு காட்டுதுன்னு திட்டுறாங்க, கார் மீட்டர்ல 85, பொட்டில 80னு. தப்பு பொட்டி மேல இல்லங்க. ஐநாவோட 39ம் நம்பர் வாகன விதி பல நாட்டுல நடைமுறைல இருக்கு, அதுபடி கார் மீட்டர் நெஜ ஸ்பீட விட கம்மியா காட்டவே கூடாது, கூட காட்டலாம், பத்து பெர்சென்ட் பிளஸ் 4 கிலோமீட்டர் வரைக்கும். அதாவது நெஜமா 80ல போனா மீட்டர் 92 வரைக்கும் காட்டுனாலும் விதிப்படி சரிதான். அதனால கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூடவே வச்சு அனுப்புறாங்க. பொட்டி சாட்டிலைட் சிக்னல வச்சு பாக்குறதால ஒரே சீரான ஸ்பீட்ல போறப்போ நெஜத்துக்கு ரொம்ப கிட்ட வரும். ஆனா இதுல ஒரு ஆபத்து, அத நானே பண்ணேன். மீட்டர் 80 காட்டுறப்போ நெஜம் 76 தான்னு தெரிஞ்ச ஒடனே என்ன பண்ணுவோம், அந்த 4ஐயும் சேத்து மிதிப்போம். இவ்ளோ நாள் நமக்கே தெரியாம நம்மள காப்பாத்திட்டு இருந்த இடைவெளி அது. இன்னொன்னு, திடீர்னு மிதிச்சாலோ பிரேக் போட்டாலோ பொட்டி ஒரு செகண்ட் லேட்டா தான் நம்பர மாத்தும். 100ல ஒரு செகண்ட்ங்கறது கிட்டத்தட்ட 28 மீட்டர், கேமரா கோடு அதுக்குள்ள இருக்கலாம்.

சுரங்கப்பாதைக்குள்ள சிக்னல் கெடைக்காது, நம்பர் போய் வெறும் கோடு கோடா வரும். அது பரவால்ல. பெரிய எரிச்சல் எதுன்னா, ஹைவேக்கு பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு சர்வீஸ் ரோடு போற எடத்துலயும், ரோட்டுக்கு மேல ரோடு போற எடத்துலயும் இதுக்கு நாம எதுல இருக்கோம்னே தெரியாது. நான் ஹைவேல 80ல போய்ட்டு இருப்பேன், இது சர்வீஸ் ரோடுன்னு நெனச்சுக்கிட்டு லிமிட் 40, பீப் பீப் பீப் பீப்னு கத்தும். பின் சீட்ல இருந்து என் பொண்ணு, "அப்பா, நீ என்னமோ பண்ணிட்டப்பா, அது கோவிச்சுக்கிச்சு"ங்குறா. ரெண்டு கிலோமீட்டர் அப்படியே கத்திட்டு திடீர்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியாகிடும். இதுக்கு எந்த செட்டிங்கும் இல்ல.

அடுத்த குறை மேப் அப்டேட். ரோடு வேலை நடக்குறப்போ வைக்குற தற்காலிக லிமிட் போர்டும், டிராஃபிக்க பாத்து மாறுற எலக்ட்ரானிக் போர்டும் இதுக்கு சுத்தமா தெரியாது. போர்டுல 60 போட்டிருக்கும், பொட்டி கூலா 100னு காட்டிட்டு இருக்கும். பொட்டி 100 சொல்லுச்சுன்னு ஃபைன் ஆஃபீஸ்ல போய் சொல்ல முடியாது, ரோட்டுல இருக்குற போர்டுதான் செல்லும். வாங்குறதுக்கு முன்னாடி மேப் கடைசியா எந்த தேதில அப்டேட் ஆச்சு, எத்தன வருஷத்துக்கு ஃப்ரீன்னு கேட்டுட்டு வாங்குங்க.

இது ரேடார் டிடெக்டர் இல்லங்கறதையும் சொல்லிடறேன், நெறைய பேர் குழப்பிக்கிறாங்க. ரேடார் டிடெக்டர் கேமரா விடுற அலைய மோப்பம் பிடிக்கும், இது மேப்ல இருக்குற லிஸ்ட்ட வச்சு சொல்லும், அவ்ளோதான். ஆனா சட்டம் ரெண்டையும் ஒரே கண்ணோட பாக்குற நாடும் இருக்கு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல எல்லாம் கேமராவ காட்டிக்குடுக்குற எதையும் வண்டி ஓட்டுறப்போ யூஸ் பண்ணவே கூடாது, போன் ஆப் கூட. உங்க ஊர் சட்டத்த பாத்துட்டு மாட்டுங்க.

ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல புது கார் வாங்குனவங்களுக்கு இந்த பொட்டியே வேஸ்ட், 2024 ஜூலைல இருந்து அங்க புதுசா வர்ற கார் எல்லாத்துலயும் ஸ்பீட் லிமிட் சொல்ற சிஸ்டம் கட்டாயம். வேணும்னா அணைக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவ வண்டி எடுக்குறப்பவும் தானா ஆன் ஆகிடும். பழைய கார் வச்சிருக்குற என்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது.

சும்மா ஒரு தகவல், இந்த ஸ்பீட் கேமரா வேலைய ஆரம்பிச்சு வச்ச மாரிஸ் காட்சோனிடஸ்ங்கறவர் ஒரு டச்சு ராலி கார் ரேஸ் டிரைவர், 1953ல மான்டி கார்லோ ராலி ஜெயிச்சவர். வளைவுல தான் எவ்ளோ ஸ்பீடா போறோம்னு அளந்து இன்னும் ஸ்பீடா போகத்தான் கருவியே செஞ்சாராம். அத நெனச்சு நாலாவது ஃபைன கட்டுறப்போ லேசா சிரிப்பு வந்துச்சு.

ஒரு நாள் உக்காந்து கணக்கும் போட்டேன். எனக்கு ஹைவேல 18 கிலோமீட்டர். 80ல பதிமூணரை நிமிஷம், 100ல பதினொண்ணுக்கும் கொஞ்சம் கம்மி. மிச்சம் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் நிமிஷம், அது எக்ஸிட்ல எறங்குன ஒடனே வர்ற சிக்னல்லயே போய்டுது. நாலு ஃபைனும் அதுக்காகத்தான் கட்டிருக்கேன்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். லிமிட் டிங்குக்கு முழு மார்க், சர்வீஸ் ரோடு கூத்துக்கு ஒண்ணு கொறச்சுட்டேன், ஆவரேஜ் மோட ஆஃப்ல வச்சு வித்ததுக்கு அரை. வாங்குறவங்க முதல் வேலையா செட்டிங்ஸ் உள்ள போய் அத ஆன் பண்ணுங்க, 31ம் பக்கம்.