அம்மாவோட வீல்சேர் பயணம்: தள்ளுன பையனுக்கு 5 ஸ்டார், ஏர்லைனுக்கு 2

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு கோத்தகிரியில இருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட் வழியா மும்பை போனோம், தங்கச்சி வீட்டுக்கு. அம்மாவுக்கு 81 வயசு, முழங்கால் தேஞ்சு போச்சு, அதனால டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வெச்சுட்டேன். ஏர்லைன் பேர் வேண்டாம், நான் சொல்லப்போறது அந்த ஒரு ஏர்லைனோட கதை மட்டும் இல்ல.

விடியக்காலம் கிளம்பினோம், குஞ்சப்பனை வளைவுல ஒரே மூடுபனி, மேட்டுப்பாளையம் இறங்கினதும் அம்மா குல்லாவைக் கழட்டிட்டாங்க. ஏர்போர்ட் வாசல்ல வீல்சேருக்கு பத்து நிமிஷம்கூட காத்திருக்கல. வந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அன்னூர் பக்கம். "பாட்டி, கால மேல வெச்சுக்கோங்க, மெதுவா போலாங்க"ன்னு சொல்லி செக்யூரிட்டில அம்மாவை எழுப்பி நிறுத்தினதுல இருந்து பாத்ரூம் வாசல்ல நின்னு காத்திருந்தது வரைக்கும் சொந்தப் பேரன் மாதிரிதான் பாத்துக்கிட்டான். வீல்சேருக்குத் தனியா காசு கிடையாது, முன்கூட்டியே சொல்லிட்டா போதும், வயசானவங்களோட போறவங்க தயங்காம கேளுங்க.

போர்டிங் கேட் பக்கத்துல உக்காந்திருக்கும்போது பேச்சு வந்துச்சு. அவன் சட்டையில இருந்தது ஏர்லைன் பேர் இல்ல, வேற ஒரு கம்பெனி பேர். அந்தக் கம்பெனியோட காண்ட்ராக்ட் முடியப்போகுதாம், புதுசா வர்ற காண்ட்ராக்டர் பழைய பசங்களையே எடுத்துக்கிறேன், ஆனா சம்பளத்தைக் கொறச்சுத்தான் தருவேன்னு சொல்லியிருக்கான், ஒத்துக்கலேன்னா வெளியில ஆள் நிக்குதுன்னு வேற சொல்லியிருக்கான். இவங்களுக்கு சின்னதா ஒரு சங்கம் இருக்கு, ஞாயித்துக்கிழமை கூடி முடிவு பண்றாங்களாம். இப்ப எவ்வளவு வாங்குறான்னு சொன்னான், அதை இங்க எழுதல, அதுல இன்னும் எதைக் கொறைக்கப்போறாங்கன்னுதான் எனக்குப் புரியல. கல்யாணம் ஆனவங்க, பைக் லோன் கட்டுறவங்க எல்லாம் கொறஞ்சாலும் பரவால்ல வேலை இருக்கட்டும்ங்கிறாங்க, சின்னப் பசங்க முடியாதுங்கிறாங்க. நான் சங்கத்துல இருந்தவன்னு அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க போல, "நீங்க என்னங்கண்ணா சொல்றீங்க"ன்னு கேட்டுட்டான்.

எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. 2000 வாக்குல பச்சைத் தேயிலை விலை விழுந்து நீலகிரியே தவிச்ச சமயம், நான் வேலை பாத்த தேயிலை ஃபேக்டரியில இதே கேள்விதான் எங்க முன்னாடி வந்துச்சு. கூலியைக் கொறச்சுக்கறீங்களா, இல்ல பேக்கிங் செக்‌ஷனைக் காண்ட்ராக்ட்ல விடட்டுமான்னு முதலாளி கேட்டார். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு டிரையர் பக்கத்துல நின்னு பேசினோம், அங்கதான் குளிர் தெரியாது. கொறச்சுக்கலாம்னு முதல்ல கை தூக்கினவன் நான்தான். அப்ப எனக்கு ரெண்டு குழந்தை, ரேஷன் அரிசிதான், அதனால தூக்கினேன். ரெண்டு வருஷம் கொறஞ்ச கூலியில ஓட்டினோம், அப்புறம் பேக்கிங்கும் போச்சு, அதுல இருந்த பொம்பளைங்க பதினோரு பேரும் போனாங்க. ஒரு அக்கா மட்டும் ரொம்ப நாள் என்கிட்ட பேசல, அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல.

அதனால அந்தப் பையன்கிட்ட ஒத்துக்கோன்னும் சொல்லல, ஒத்துக்காதேன்னும் சொல்லல. கொறைக்கிறதா இருந்தா எத்தனை மாசத்துக்கு, எந்தத் தேதில பழைய சம்பளம் திரும்பும், அதுவரைக்கும் யாரையும் நிறுத்த மாட்டேன்னு எழுத்துல வாங்குங்க, அதுல காண்ட்ராக்டர் கையெழுத்து மட்டும் போதாது, ஏர்லைன் கையெழுத்தும் வேணும், பழைய சர்வீஸும் கணக்குல வரணும்னு சொன்னேன். காண்ட்ராக்டர் கூலி கொடுக்கலேன்னா வேலை வாங்குற பெரிய கம்பெனிதான் கொடுக்கணும்னு 1970 காண்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயே இருந்துச்சுப்பான்னேன், அவனுக்கு அது தெரியல, யாரும் சொல்லித்தரல.

இப்ப ஏர்லைன் பத்தி. ஃப்ளைட் நேரத்துக்குக் கிளம்புச்சு, சீட் பரவால்ல, சாப்பாடு சுமார். மும்பையில பெல்ட்ல பெட்டி வந்தப்போ ஒரு சக்கரம் இல்ல, ஓரம் பொளந்திருந்துச்சு, உள்ள தங்கச்சி பசங்களுக்கு வாங்கின வர்க்கி மொத்தமும் மாவு. கவுண்டர்ல கேட்டா பெட்டி ஏத்துறது வேற கம்பெனி, எறக்குறது வேற கம்பெனி, நாங்க கவுண்டர் மட்டும்தான்னு அந்தப் பொண்ணு சொல்லுது, அதுவும் காண்ட்ராக்ட்தான். டிக்கெட் காசு வாங்கினது ஒரே ஆள், பதில் சொல்லும்போது மட்டும் மூணு கம்பெனி. பெல்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே புகார் எழுதி நம்பர் வாங்கிக்கோங்க, நான் அதைச் செஞ்சேன், பெட்டி ஃபோட்டோவும் எடுத்துக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, மத்த ஊர்ல இது எப்படி நடந்துச்சுன்னு உக்காந்து படிச்சேன். அமெரிக்காவுல சியாட்டில்ல அலாஸ்கா ஏர்லைன்ஸ், பெட்டி ஏத்துற தொழிலாளிங்க கம்பெனி நீட்டின ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கலேன்னதும் 2005 மே மாசம் 472 பேரை வேலைய விட்டு நிறுத்திட்டு மென்ஸீஸ்ங்கிற கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துருச்சு. அதே வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி அங்க இருந்து கிளம்பின ஒரு விமானம் மேல ஏறும்போதே உடம்புல ஓட்டை விழுந்து உள்காத்து வெளியேறி, திரும்ப வந்து இறங்குச்சு, நல்லவேளை எல்லாரும் பொழைச்சாங்க. கீழ நிக்கும்போது வண்டி இடிச்சிருக்கு, இடிச்சவர் யார்கிட்டயும் சொல்லல. அந்த ஆளை மட்டும் திட்ட எனக்கு மனசு வரல. கொறஞ்ச கூலிக்கு புதுசா வந்தவன், சொன்னா வேலை போயிரும்னு பயம் இருக்கிற இடத்துல எப்படி வாயத் திறப்பான்? எனக்கு முக்கியமா பட்டது இதுதான், ஏன்னா மேல உக்காந்திருக்கிறது நம்ம அம்மா.

அதே 2005 ஆகஸ்ட்ல நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குங்க ஸ்ட்ரைக் பண்ணினாங்க. அவங்ககிட்ட கேட்டது கால்வாசி சம்பளக் கொறைப்பு, கூடவே பாதிக்கு மேல வேலையும் போகும். அதாவது கூலியா வேலையான்னு கேக்கவே இல்ல, ரெண்டையும் கேட்டாங்க. ஸ்ட்ரைக் பண்ணவங்க இடத்துல வேற ஆள் வெச்சு விமானத்த ஓட்டுனாங்க, அடுத்த மாசமே கம்பெனி திவால் மனு போட்டுச்சு, தொழிலாளிங்க தோத்துட்டாங்க. அதனால எதிர்த்து நின்னா ஜெயிச்சிருவோம்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆஸ்திரேலியாவுல குவாண்டாஸ் 2020ல பத்து ஏர்போர்ட்ல கிரவுண்ட் வேலையை வெளிய விட்டுச்சு, அதுக்கு முன்னாடி தொழிலாளிங்களையே உங்க வேலைக்கு நீங்களே டெண்டர் போடுங்கன்னுச்சு, போட்டதையும் தள்ளிருச்சு. சங்கம் கோர்ட்டுக்குப் போய், 2023 செப்டம்பர்ல அந்த நாட்டு உச்ச கோர்ட் வரைக்கும் ஜெயிச்சுது, 2024ல 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு, 2025 ஆகஸ்ட்ல 9 கோடி டாலர் அபராதம். ஆனா போன வேலை திரும்பக் கிடைக்கல. படிச்சு முடிக்கும்போது மணி ரெண்டு.

இதை அந்தப் பையனுக்கு அனுப்பினேன், நம்பர் வாங்கி வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒண்ணும் முடிவாகல, அடுத்த வாரம் ஏர்லைன் மேனேஜரையும் உக்கார வெச்சுப் பேசணும்னு கேட்டிருக்காங்களாம். அது நடந்தாலே எனக்குப் பெரிய விஷயம்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். பெட்டி உடைஞ்சா, வீல்சேர் லேட்டானா, ரிவ்யூல எதிர்ல நின்ன பையன் பேரைப் போட்டு எழுதாதீங்க, அந்த ஒரு வரி போதும் அவனை நிறுத்துறதுக்கு. ஏர்லைன் பேருக்கு எழுதுங்க, காசு வாங்கினது அவங்கதானே. நல்லா பாத்துக்கிட்டா மட்டும் பையன் பேரைப் போடுங்க, நான் ஏர்லைனுக்கு அனுப்பின மெயில்ல அவன் பேரோடதான் எழுதியிருக்கேன்.

பெட்டிக்கு இன்னும் பதில் வரல, 19 நாள் ஆச்சு. வந்ததும் இங்கயே சேத்து எழுதறேன்.