லேண்ட் ரோவர் அடிப்பாகம்: தார் பூச்சா, லானோலினா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் ஓடிய லேண்ட் ரோவர் சீரிஸ் 3 ஒன்றை வாங்கினேன். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம் உள்ள வண்டி. அடியில் படுத்துப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது. முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்துத் தடிமனாகத் தார் அடித்திருந்தார். ஒரே கறுப்பு, வழவழப்பு. மறு வாரம் அடிச்சட்டத்தின் பின்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினேன். கணீரென்று வர வேண்டிய சத்தம் 'டப்' என்று வந்தது. முனையைத் திருப்பி அழுத்தினால் தாரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. மேலே தோல் மாதிரி தார், அடியில் ஏடு ஏடாகத் துரு. வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் முடிய மூன்று மாதம் ஆனது. அடுத்து எதை அடிப்பது, மறுபடியும் தாரா, லானோலின் என்ற கொழுப்புப் பூச்சா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

1971 முதல் 1985 வரை வந்த இந்த வண்டிகளின் மேல் தகடு பெரும்பாலும் அலுமினியம். அதனால் துருவே வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸி இரும்பு. அதுவும் நான்கு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி இருப்பதால், உள்ளே போன சேறும் தண்ணீரும் வெளியே வர வழி குறைவு. உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்து, வெளியே தெரியும்போது கதை முடிந்திருக்கும். இங்கிலாந்தில் பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு எதிரி. நம் ஊரில் பனி இல்லை, ஆனால் உரம் இருக்கிறது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே குளோரைடு. உர மூட்டை ஏற்றிய வண்டி, உரம் கரைந்த செம்மண் சேறு, அதோடு நாள் முழுக்க ஈரக்காற்று. இரும்புக்கு வேறென்ன வேண்டும்?

பழைய என்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் அடிப்பது தோட்டத்தில் நெடுநாள் பழக்கம். செலவில்லை, உண்மைதான். ஆனால் அதில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும், தோலுக்குக் கெடுதல், சொட்டும் இடத்தில் மண்ணும் பாழ். அதை விட்டுவிடலாம்.

தார் பூச்சுக்கு நியாயமான பெருமைகள் உண்டு. கல் தெறித்தால் தாங்கும், சத்தம் குறையும், ஒரு முறை அடித்தால் பல வருடம் அப்படியே நிற்கும். புது இரும்பில், சுத்தமாகத் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் போட்டால் நல்ல பூச்சுதான். சிக்கல், ஏற்கெனவே கொஞ்சம் துரு ஊறிய பழைய வண்டியில். தார் நாளாக நாளாக இறுகும். சேஸி முறுக்கும்போது மயிரிழை வெடிப்பு விழும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. நமக்கோ எதுவும் தெரியாது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: பூச்சுக்கு அடியில் இருக்கும் இரும்பை நான் பார்க்க முடிய வேண்டும். ஐம்பது வயது சேஸியில் துரு வராமல் இருக்காது. வந்ததை அந்த வருடமே கண்டுபிடித்தால் கம்பி பிரஷ்ஷோடு போகும்; ஐந்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் வெல்டிங். லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. அடித்த பிறகும் இறுகாது, தேன் நிறத்தில் மெல்லிய பிசுபிசுப்பாக நிற்கும். துணியால் துடைத்தால் அடியில் இரும்பு தெரியும். கீறல் பட்டாலும் பக்கத்திலிருந்து மெல்லப் பரவி மூடப் பார்க்கும். விற்கும்போதும் இதில் ஆதாயம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் புதுத் தாரைப் பார்த்தாலே சந்தேகப்படுவார்கள். வலப்பக்க முன் ஸ்பிரிங் தாங்கியில் பொறித்திருக்கும் சேஸி எண்ணும் மறையாது. என் வண்டியில் அந்த எண்ணைத் தார் மூடியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

பராமரிப்பு இப்படி: வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் மழை பிடிக்கும் முன். நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய விடுவேன். சேஸியின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திச் சேற்றை எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எதை அடித்தாலும் வீண். பிறகு நீளக் குழாய் முனையை அந்தத் துளைகள் வழியே விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் அடிப்பது. வெளிப்பக்கத்தைவிட இதுதான் முக்கியம். முதல் தடவை நாலு லிட்டர் போனது, இப்போது ஒன்றரை லிட்டர் போதும். பிரேக் டிரம், எக்சாஸ்ட் பக்கம் படக்கூடாது. ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் துணியால் மூடிவிடுகிறேன். இந்த வகை எண்ணெய்ப் பூச்சு இயற்கை ரப்பரை உப்ப வைக்கக்கூடும்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் ஆட்டுக் கொட்டகை வாசம் அடிக்கும். மத்தியான வெயிலில் சொட்டும், போர்ச்சில் அட்டை விரிக்க வேண்டும். செம்மண் தூசி ஒட்டும். சக்கர வளைவுக்குள் தெறிக்கும் தண்ணீர் ஐந்தாறு மாதத்தில் கழுவிவிடுகிறது. அங்கு மட்டும் நடுவில் ஒரு முறை தொட்டுவிடுகிறேன். வருடா வருடம் அடியில் படுக்க முடியாதவருக்கு இது சரிவராது.

பிஓஆர்-15 மாதிரி கடினமாக இறுகும் பெயின்ட் பற்றியும் கேட்கிறார்கள். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகுவதால் நம் ஊருக்குப் பொருத்தம் என்பார்கள். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கியான அவுட்ரிகர் ஒன்றில் மட்டும் அடித்தேன், இரண்டு வருடமாகக் கல்லு மாதிரி நிற்கிறது. ஆனால் ஒரு துண்டை வைத்து முழு சேஸிக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வெயில் படும் இடத்தில் மேல் பூச்சு கட்டாயம் வேண்டும். திறந்த டின்னையும் உடனே அடித்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே இறுகிவிடும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே தார் இருந்தால், அதன் மேலேயே லானோலின் அடித்துவிடாதீர்கள். தாரை இளக்கும், அடியில் இருக்கும் துருவுக்குப் போய்ச் சேராது. முதலில் பின் கிராஸ்மெம்பரிலும் அவுட்ரிகர் மூலைகளிலும் ஒரு சாண் அளவு சுரண்டிப் பாருங்கள். இரும்பு பளிச்சென்று இருந்தால் தாரை அப்படியே விட்டு, சேஸிக்கு உள்ளே மட்டும் லானோலின் அடியுங்கள். செதில் உதிர்ந்தால் முழுவதையும் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.