முயலுக்கு அருகம்புல்லா, பெல்லட்டா?

முயல் வாங்கியாச்சு, தீவனச் செலவுதான் கையைக் கடிக்குது என்பவர்களுக்கு, புல், பெல்லட் (கடையில் விற்கும், அழுத்திச் செய்த குச்சித் தீவனம்) இரண்டையும் போட்டுப் பார்த்தவன் சொல்வது.

செலவு: புல்லுக்கு அரிவாளும் அரை மணி நேரமும் போதும். பெல்லட்டுக்குக் காசு, ஆனால் 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம்.

பல்: இங்கே போட்டியே இல்லை. முயல் பல் ஆயுசுக்கும் வளரும். நாருள்ள புல்லை மென்று மென்றுதான் தேயும். பெல்லட் கடித்ததும் பொடிந்துவிடும்.

வயிறு: புல் தின்கிற முயலின் புழுக்கையை உடைத்துப் பாருங்கள், உள்ளே நார் நாராக இருக்கும். பெல்லட் மிஞ்சினால் கழிச்சல், ஊளைச்சதை. (கேரட்டும் தினசரித் தீனியல்ல, எப்போதாவது ஒரு துண்டு.)

வைப்பு: பச்சைப்புல்லைக் குவித்தால் சூடேறிப் புளிக்கும், மருந்தடித்த வரப்பில் அறுக்கவே கூடாது. பெல்லட் மூடிய டப்பாவில் கிடக்கும், ஐப்பசி ஈரம் பட்டால் பூசணம்.

வாய்க்கால், தோட்டம் பக்கத்தில் இருந்தால் புல்லே போதும், கூடவே கொஞ்சம் முருங்கைக்கீரை. வளரும் குட்டிக்கும் சினை முயலுக்கும் பெல்லட் சேருங்கள். மாடி வீட்டுக்காரர்கள் காய்ந்த புல் மூட்டையோடு ஒரு கைப்பிடி பெல்லட். வெறும் பெல்லட்டில் வளர்ப்பதாக இருந்தால், மீன்தொட்டி வாங்குங்கள்.