சீந்தில் சர்க்கரை என்று சொல்லி அப்பாவுக்கு விற்கப்பட்ட வெள்ளை மாவு

அப்பாவின் இடது காலில் இப்போது நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டுவிரலைச் சென்ற கார்த்திகையில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஐந்து மாதங்கள் காலையும் மாலையும் வெந்நீரில் கரைத்து அவர் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நம்பிக் குடித்து வந்தது சீந்தில் சர்க்கரை அல்ல, குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக்கிழங்கு மாவு. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சீந்தில் கொடி எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆத்தூர்ப் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்து வேம்பில் அது படர்ந்திருந்தது. விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குப் பாட்டி அதன் தண்டை நறுக்கித் தட்டிக் கஷாயம் வைப்பார். அமிர்தவல்லி என்று அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொடியை அடியில் வெட்டி விட்டாலும் மேலே இருப்பது சாகாது. நூல் நூலாக வேர் விட்டுத் தரையைத் தேடி இறங்கும். ஆயுர்வேதத்தில் குடூசி, அம்ருதா என்பதும், வடக்கே கிலோய் என்பதும் இதுதான். கொரோனா காலத்தில் நாடு முழுவதும் இதன் பெயர் அடிபட்டது. அப்பா எடுத்த எடுப்பிலேயே நம்பியதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். தெரியாத பொருளாக இருந்திருந்தால் நான்கு பேரிடமாவது விசாரித்திருப்பார்.

சீந்தில் சர்க்கரை என்ற பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். முற்றிய பச்சைத் தண்டின் மேல்தோலைச் சீவி, துண்டாக்கி, இடித்து, தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைப்பார்கள். மறுநாள் பிசைந்து, துணியில் வடிகட்டி, அசையாமல் வைத்தால் அடியில் மாவு படியும். மேல் நீரை இறுத்துவிட்டு அந்த மாவைக் காய வைத்து எடுப்பதே சீந்தில் சர்க்கரை. ஆயுர்வேதத்தில் குடூசி சத்துவம். நூறு கிலோ பச்சைத் தண்டிலிருந்து சில கிலோதான் கிடைக்கும். அப்பா வாங்கிய கால் கிலோப் பொட்டலம் ஒன்றுக்கு ஏழெட்டுக் கிலோ தண்டாவது இடிபட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால், சின்ன வேனில் மூட்டை மூட்டையாக அது எப்படி வந்தது என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

உழவர் சந்தைக்கு வெளியே அந்த வேன் நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு என்ற அறிவிப்பு. முன்னால் பலகையில் உண்மையான சீந்தில் தண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்திருக்கிறார். பச்சைத் தண்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலத் தெரியும் கோடுகளைக் காட்டியிருக்கிறார்கள். அதே தண்டில் வைத்த கஷாயத்தை ஒரு வாய் குடிக்கவும் கொடுத்தார்களாம். கசப்பு சரியாக இருந்தது, பாட்டி வைத்த கஷாயம் போலவே இருந்தது என்று அப்பா இன்றும் சொல்கிறார். காட்டியதில் பொய் இல்லை. அப்பா கையில் கொடுத்த வெள்ளைப் பொட்டலத்துக்கும் பலகையில் இருந்த தண்டுக்கும்தான் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விலை 1,200 ரூபாய். அத்துடன் ஓர் அறிவுரையும் சொன்னார்கள்: “ஐயா, இங்கிலீஷ் மாத்திரையும் இதுவும் ஒன்றாகச் சேரக் கூடாது. மாத்திரையை நிறுத்தினால்தான் இது உடம்பில் பிடிக்கும். முதல் இரண்டு மாதம் சர்க்கரை கொஞ்சம் ஏறும், பயப்படாதீர்கள். கழிவு வெளியேறுகிறது என்று அர்த்தம்.”

இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கே கேட்டாலும் அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள். சர்க்கரை ஏறுவதையே மருந்து வேலை செய்வதற்கான அடையாளமாகக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பரிசோதனை அப்பாவை எச்சரித்திருக்க முடியும்? பன்னிரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் சாப்பிட்டு வந்த இரண்டு மாத்திரைகளையும் அவர் நிறுத்தினார். எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரை அட்டைகள் அலமாரியில் அடுக்கியபடியே இருந்ததை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்றுதான் அம்மா கண்டார்.

முதல் பொட்டலம் லேசாகக் கசந்ததாம். கூரியரில் வந்த மூன்றாவது பொட்டலத்தில் கசப்பே இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, “இது ஏழு முறை சுத்தி செய்தது ஐயா, உயர் ரகம்” என்றிருக்கிறார்கள். அதற்குள் அப்பா மெலிந்திருந்தார். இரவில் நான்கைந்து முறை எழுந்து போனார். வயல் வேலை, வெயில் என்று நாங்களும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். புதுச் செருப்பு கடித்த இடம் பதினைந்து நாளாகியும் ஆறாமல் கறுத்துப் போன பிறகே கிளம்பினோம். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 12.1 சதவீதம். பதினோரு நாள் படுக்கை. எட்டாம் நாள் விரலை எடுத்தார்கள்.

மாவின் குட்டு உடைந்தது என் தாய்மாமாவால். அவர் சேலத்தில் மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் சேகோ மில்லில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அப்பாவைப் பார்க்க வந்தவர் மேசை மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். காதருகே கொண்டுபோய் மறுபடியும் தேய்த்தார். “கண்ணு, இது மில் மாவு. இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடு காட்டினார். கண்ணாடி போலத் தெளிந்த பசையாக இழுத்துக்கொண்டு வந்தது. மாமா எதுவும் சொல்லாமல் அடுப்பை அணைத்துவிட்டார். மொத்த விலையில் கிலோவுக்கு நூறு ரூபாய்கூடப் பெறாத மாவுக்குத்தான் அப்பா நான்கு முறை பணம் அனுப்பியிருக்கிறார்.

மாமாவின் கைப்பக்குவத்தை மட்டும் வைத்து ஒருவர் மீது பழி சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பள்ளியில் படிக்கும் என் மகள் அயோடின் விட்டுப் பார்த்தாள். கருநீலமாக மாறியது. பிடித்துவிட்டோம் என்றே நினைத்தோம். ஆனால் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் இருக்கும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. உண்மையான சீந்தில் சர்க்கரையும் மாவுச்சத்துதானே, அதுவும் நீலமாகத்தான் மாறும் என்றார். கசப்பையும் சோதனையாகக் கொள்ள முடியாது. பலமுறை நீர் மாற்றி எடுத்த நல்ல சரக்கிலும் கசப்பு குறைந்துவிடுமாம். வீட்டில் செய்து பார்க்கும் இந்தச் சோதனைகளை நம்பி ஏமாறுகிறவர்களும் நிறைய இருப்பார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மாவுத் துகளின் வடிவம் தாவரத்துக்குத் தாவரம் மாறும், நுண்ணோக்கியில்தான் அது தெரியும் என்று சொல்லி, மூலிகை ஆய்வில் அனுபவம் உள்ள ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். அவர் எனக்கும் காட்டினார். ஒரு பக்கம் சீவிவிட்ட உருண்டைகள், சிறிய மத்தளங்கள் போல, கண்ணாடி முழுக்க. பக்கத்தில் வைத்த மரவள்ளி மாவும் அப்படியே இருந்தது.

அந்தச் சித்த மருத்துவர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். அசலான சீந்திலையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடக் கூடாது என்றார் அவர். அது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு அளவு தெரியாமல் கொடுத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். 2021-இல் மும்பையில் சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் ஆய்வேட்டில் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. 2022 பிப்ரவரியில் அந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டி அறிவிப்பும் வெளியிட்டது. இதில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. கல்லீரலில் கோளாறு உள்ளவர்களும், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம் என்று அவர் என்னிடம் அழுத்திச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

மருத்துவமனைத் தோட்டத்தில் இருந்த கொடியையும் காட்டினார். நல்ல சீந்திலின் தண்டு பச்சை சாயல் கொண்டது. மேல்தோல் காகிதம் போல உரியும். வெட்டினால் பால் வராது. மற்றக் கொடியின் தண்டு சாம்பல் நிறமாக, உடம்பெல்லாம் மரு முளைத்தது போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். வெட்டினால் பால் கசியும். இரண்டின் இலையும் இதய வடிவம்தான். அதனால் இலையை மட்டும் பார்த்துப் பறித்துக்கொண்டு வராதீர்கள். பொடியாக்கிய பிறகோ யாராலும் கண்ணால் அடையாளம் சொல்ல முடியாது.

எங்களிடம் மிஞ்சிய பொட்டலத்தில் கொல்லிமலையின் படமும் ஒரு கைபேசி எண்ணும் மட்டுமே இருக்கின்றன. தயாரிப்பவரின் முகவரி, உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி எதுவும் இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரித்து விற்பதற்கும் உரிமம் வேண்டும். இந்த விவரங்கள் உறையில் இருந்தே ஆக வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த ஒலிபெருக்கி அறிவிப்பே குற்றம் என்பது சந்தைக்கு வந்து போன எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். பணம் அனுப்பிய ரசீதுகளும் கூரியர் உறைகளும் கைகொடுத்தன. முதல் பொட்டலத்துக்கு மட்டும் ரசீது இல்லை. அந்தக் கைபேசி எண் இப்போது அணைந்து கிடக்கிறது. ஆனால் போன வாரம் பக்கத்து ஊர்ச் சந்தையில் அதே அறிவிப்பைக் கேட்டதாக அம்மாவின் தோழி சொன்னார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொட்டலம் இருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உறையோடு அப்படியே எடுத்து வைத்து, நீங்களும் புகார் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை இன்றைக்கே எடுத்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் ஐந்து மாதம் எண்ணாமல் இருந்துவிட்டோம்.