சுருட்டிய துண்டா, காலி பாட்டிலா?

நாய்க்குத் தீனியை ஒளித்துக் கொடுத்து விளையாட்டுக் காட்ட, கடைப் பொம்மை தேவையில்லை. பழைய துண்டோ காலி பிளாஸ்டிக் பாட்டிலோ போதும்.

துண்டை விரித்து, தீனியைத் தூவி, பாய் போலச் சுருட்டினால் வேலை முடிந்தது. நாய் மோந்து பார்த்து, மூக்கால் தள்ளித் தள்ளிப் பிரிக்கும். சத்தமே இருக்காது. பழகிவிட்டதா? ஒரு முடிச்சுப் போடுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். துணியைக் கடித்து விழுங்கும் நாய்க்கு மட்டும் கூடவே கூடாது. நூல் குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும்.

பாட்டில் வேறு ரகம். மூடி, கழுத்து வளையம், லேபிள் மூன்றையும் கழற்றிவிட்டுத் தீனியைப் போட வேண்டும். உருட்ட உருட்ட ஒவ்வொன்றாக விழும். நாய்க்குக் கொண்டாட்டம், நமக்குக் கடகடவென்று தலைவலி. நசுங்கி விரிசல் விட்டால் விளிம்பு வாயைக் கிழிக்கும், உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் ஓட்டு துண்டுக்குத்தான். துறுதுறுவென்று ஓடும் நாய்க்கு, நாம் பக்கத்தில் இருக்கும்போது, பாட்டிலும் சரி. அப்புறம், தின்பண்டம் அன்றைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வழக்கமான உணவிலேயே ஒரு பிடியை எடுத்து ஒளித்துவைத்தால் அந்தக் கணக்கும் வேண்டியதில்லை.