கடற்காற்றைத் தாங்கும் சமையலறை: தண்டையார்பேட்டைப் பணிமனை ஒன்றின் வேலை

இராயபுரத்தில் கடலுக்கு மிக அருகில் உள்ள எங்கள் 480 சதுர அடி வீட்டின் சமையலறையையும் கூடத்தையும் தண்டையார்பேட்டையில் இயங்கும் சிறிய உள்ளலங்காரப் பணிமனை ஒன்றிடம் கொடுத்து மாற்றியமைத்தோம். இரண்டு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து, 16 மாதங்களுக்குப் பிறகே இதை எழுதுகிறேன். உப்புக்காற்று வீசும் எங்கள் பகுதியில் மரவேலையின் தரம் முதல் நாளிலேயே தெரிந்துவிடாது.

நாங்கள் முதலில் விலை கேட்ட நிறுவனம் எம்.டி.எஃப். பலகையில் பளபளக்கும் மாடுலர் கிச்சனைக் காட்டியது. மரநாரை அழுத்திச் செய்யும் அந்தப் பலகை, விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் உப்பிவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை. இந்தப் பணிமனையினரோ பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டைத்தான் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) போட வேண்டும் என்றார்கள். முத்திரையை எங்களுக்குக் காட்டிய பிறகே பலகையை அறுத்தார்கள். கீல்களுக்கு 304 வகை எவர்சில்வரும், கடலைப் பார்த்த சன்னல் கம்பிகளுக்கு மாலிப்டினம் கலந்த 316 வகையும் போட்டார்கள். கடல் உப்பிலுள்ள குளோரைடு உண்டாக்கும் அரிப்பை 316 கூடுதலாகத் தாங்கும் என்பதால் அந்தச் செலவுக்கு மனமார ஒப்புக்கொண்டோம். இதுவரை துருப்புள்ளி எதுவும் தென்படவில்லை.

இவர்களை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம் வேறு. இன்றைய சமையலறை வடிவமைப்பு, எல்லா வேலையையும் நின்றுகொண்டே செய்வோம் என்று எடுத்துக்கொள்கிறது. என் அம்மா காசிமேட்டிலிருந்து வாங்கிவரும் சங்கராவையும் வவ்வாலையும் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில்தான் அரிவார். இதைக் கேட்டறிந்த வடிவமைப்பாளர், கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் மூன்றடி நீளத்துக்கு மேடை கட்டாமல் விட்டு, அங்கே சொரசொரப்பான கடப்பைக் கல்லைச் சரிவாகப் பதித்து, நீர் வடியத் துளையும் கைக்கெட்டும் உயரத்தில் குழாயும் வைத்துக் கொடுத்தார். அம்மாவின் இடம் அவருக்கே கிடைத்ததில் எனக்குப் பெரிய நிறைவு.

கூடத்தில் சுவரோடு மடியும் கட்டில் நன்றாக உழைக்கிறது. ஆனால் ஃபால்ஸ் சீலிங் போட அவர்கள் வற்புறுத்தியதை நான் ஏற்கவில்லை. ஒன்பதடி உயரமே உள்ள கூடத்தில் அது அரையடியை விழுங்கிவிடும், மின்விசிறியும் தாழ்ந்துவிடும்.

குறையும் உண்டு. மார்கழியில் தொட்டிக்குக் கீழுள்ள கதவின் விளிம்புப் பட்டை பிரிந்தது. இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, பதினொரு நாள் காத்திருந்த பிறகே ஆள் வந்தார். பணம் வாங்காமல் 2 மில்லிமீட்டர் பி.வி.சி. பட்டையை ஒட்டிக் கொடுத்தார். அது இன்றுவரை உறுதியாக இருக்கிறது. தொடக்கத்திலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். மீதமுள்ள எட்டுக் கதவுகளுக்கும் அதே பட்டையை ஐப்பசி மழைக்கு முன் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.