இன்ஜின் ஜாம் ஆன 1.3 டீசல்: பிரிப்பதா, மாற்றுவதா, விற்பதா?

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஷெட்டுக்கு இழுத்துப் போனதும் "இன்ஜின் போச்சு சார்" என்பார்கள். அதைக் கேட்டு எஸ்டிமேட் வாங்கக் கூடாது. வால்வைத் தள்ளும் சின்ன நெம்புகோலான ராக்கர் உடைந்தாலும் இன்ஜின் போச்சுதான், பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டான கிராங்க் இறுகி சீஸ் ஆனாலும் இன்ஜின் போச்சுதான். செலவோ ஒன்றுக்கொன்று பல மடங்கு.

ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ ஆகியவற்றில் வந்த ஃபியட்டின் 1248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே சாலையில் இருக்கும் ஸ்விஃப்ட் டீசல் எல்லாமே வயதான வண்டிகள். இந்தக் கேள்வி வரும் பருவம்.

முதலில் ஸ்டார்ட்டர் போடுவதை நிறுத்துங்கள். பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன் வலது சக்கரத்தைக் கழற்றி, வெளிப்புற பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோ ஜாம் ஆனாலும் இதே அறிகுறிதான் வரும். பெல்ட்டை எடுத்ததும் இன்ஜின் சுற்றினால் பெரும் செலவு தப்பியது. அடுத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று கையால் திருப்ப வேண்டும். வழக்கமான அழுத்தமே இல்லாமல் லேசாகச் சுற்றினாலோ ஓரிடத்தில் தட்டினாலோ, கிராங்கையும் வால்வுகளை இயக்கும் தண்டையும் இணைக்கும் டைமிங் செயின் பக்கம் சந்தேகப்படலாம். அசையவே இல்லையென்றால் கிராங்கைத் தாங்கும் பேரிங், அல்லது சிலிண்டரில் தண்ணீர். க்ளோ பிளக்குகளை (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்குகள்) கழற்றிவிட்டுத் திருப்பும்போது தண்ணீர் பீய்ச்சினால் விடை தெரிந்துவிடும். ஆயிலை வடித்து வெயிலில் பாருங்கள்: உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

செயின் பக்கம் என்றால் தயங்காமல் ரிப்பேர். இந்த இன்ஜினில் செயின் பல் தாவும்போது பெரும்பாலும் ராக்கர்கள் முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும். செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் அடங்கிய கிட், 16 ராக்கர், ஹெட்டை (சிலிண்டர்களை மூடும் மேல் பகுதி) இறுக்கும் புது போல்ட், கேஸ்கெட், ஏறக்குறைய 3 லிட்டர் ஆயில் ஆகியவைதான் முக்கியச் சாமான்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பழைய போல்ட்டையே போட்டு மூடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பேரிங் சீஸ் ஆகியிருந்தால்தான் உண்மையான குழப்பம். ஃபுல் இன்ஜின் வேலையா, பழைய இன்ஜின் மாற்றமா?

ஃபுல் வேலை என்றால் கிராங்கை 0.25 மி.மீ. சீவி அதற்கேற்ற பேரிங், ரிங், தேவைப்பட்டால் பிஸ்டன், புது ஆயில் பம்ப். இப்படிச் செய்த இன்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி சட்டென்று நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் லேத் வேலை அல்ல. பழைய பேரிங் துகள் ஆயில் கூலரிலும், டர்போவின் ஆயில் பைப்பிலும் தங்கியிருக்கும். புது பேரிங்கை அது தின்றுவிடும். கூலரை மாற்றி, டர்போவைப் பிரித்துப் பார்ப்பது கொட்டேஷனில் இல்லையென்றால் குறைந்த விலை என்று மயங்க வேண்டாம்.

பழைய இன்ஜின் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும். சீக்கிரம் முடியும், பெரும்பாலும் செலவும் குறைவு. ஆனால் 75 பிஎஸ் இன்ஜினும், எர்டிகா, சியாஸில் வந்த 90 பிஎஸ் இன்ஜினும் ஒன்றல்ல, டர்போவே வேறு. வாங்குமுன் சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கழற்றிப் பாருங்கள், கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவாக வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இன்ஜின் எண் போட்ட பில்லும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள், திருட்டு வண்டியின் இன்ஜினாக இருக்கலாம். மாற்றியதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இதை விட்டவர்கள் எஃப்.சி. அன்றோ விற்கும் அன்றோ மாட்டுகிறார்கள்.

நம்பிக்கையான லேத்தும் பொறுமையும் இருந்தால் ஃபுல் வேலை; இல்லையென்றால் காகிதம் சுத்தமான பழைய இன்ஜின். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு, இன்ஜின் பிளாக்கைக் கிழித்து வெளியே வந்திருந்தால் முதல் வழியை மறந்துவிடலாம்.

விற்பதா என்பதை வண்டி விலையோடு மட்டும் ஒப்பிட்டால் தப்பாக வரும். ஓடும் நிலையில் 3 லட்சம், ஓடாமல் 1.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ரிப்பேர் மீட்டுத் தருவது 1.8 லட்சம். செலவு அதற்குள் அடங்கினால் ரிப்பேர். கொஞ்சம் தாண்டினாலும், பாடியில் துரு இல்லாமல், கியர்பாக்ஸும் கிளட்சும் நன்றாக இருந்தால் நான் ரிப்பேர் பக்கமே நிற்பேன். அதே காசுக்குக் கிடைக்கும் வேறொரு பழைய வண்டியின் இன்ஜின் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 15 வருடம் நெருங்கிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் சேரும். அதற்கு மேல் டயரும் சஸ்பென்ஷனும் கேட்டால் இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடுவதுதான் லாபம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குக் கணக்கே வேறு. தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து ராடு வளைந்திருந்தால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவாக இன்ஜினுக்குப் பணம் தராது. 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால், இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்த விடாதீர்கள்.